நடுங்கும் நிலமும் நாம் எழுப்பும் தளமும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் அறநூல்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணிப்பது வழக்கம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் வேறொரு பொருளைத் தந்தார்கள். "உலகத்தில் பெரிய நிலநடுக்கங்கள் பெருகிக்கொண்டே போகின்றன என்கிறார்களே, அது மெய்தானா? நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு அதனால் கேடு உண்டா?" என்பது அவர் வினா. பண்ணைப்புரத்துத் தமிழாசிரியனை விட்டுவிட்டு ஒரு பொறியாளரை அழைக்கலாமே என்றேன். "பொறியாளர் பேசினால் எங்களுக்குப் புரியாது ஐயா" என்றார். அந்த மறுமொழிக்கு எதிர்வாதம் செய்ய இயலாமல் சில திங்கள் நூல்களைப் படித்து, தெரிந்தவர்களைக் கேட்டுத் தெளிந்து வந்திருக்கிறேன்.

நிலம் அசையாதது என்னும் நம்பிக்கை நம் மொழிக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது. ஒருபோதும் நடவாத ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நிலம் பெயர்தலைச் சொல்வது சங்கப் புலவர் மரபு. மன்னனின் சொல்லுறுதியை வாழ்த்த வந்த புறநானூற்றுப் புலவருக்கு அதைக் காட்டிலும் பெரிய எல்லை கிடைக்கவில்லை. கடல் பொங்கி நிலத்தைக் கொண்டதைக் கடல்கோள் என்று பெயரிட்டு நினைவில் வைத்திருந்த நம் முன்னோர், நிலத்தை மட்டும் நம்பியே வாழ்ந்தார்கள். இமயத்தின் அடியில் பிறந்திருந்தால் அவர்களுடைய உவமை வேறாக இருந்திருக்கும்.

முதலில் பெருகுகின்றனவா என்னும் வினாவை எடுத்துக்கொள்கிறேன். ரிக்டர் என்று நாம் பழக்கத்தால் சொல்லும் அளவில் 7-உம் அதற்கு மேலும் உள்ள நடுக்கங்களையே பெரியவை என்று கணக்கிடுகிறார்கள். 1900 தொடங்கி உள்ள பதிவுகளைக் கூட்டி வகுத்தால் உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 என்னும் சராசரி வருகிறது. அவற்றுள் 15 அளவில் ஏழுக்கும் எட்டுக்கும் இடைப்பட்டவை. ஒன்று எட்டைத் தாண்டியது. இது சராசரிதான். 2010-இல் எண்ணிக்கை இருபதைக் கடந்தது. 1989-இலோ பத்தைக்கூட எட்டவில்லை. தாயக்கட்டை உருட்டுகிறவர்களுக்கு இது புதிதன்று. தொடர்ந்து மூன்று முறை தாயம் விழுந்தால் எதிரே இருப்பவர் கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கட்டையில் ஒரு மாற்றமும் இராது.

மிகப் பெரியவையும் அப்படித்தான் கொத்துக் கொத்தாய் விழுந்திருக்கின்றன. 1952-இல் கம்சாத்கா, 1960-இல் சிலி, 1964-இல் அலாஸ்கா என்று பன்னிரண்டு ஆண்டுக்குள் ஒன்பதை எட்டியவையும் தாண்டியவையும் மூன்று. பிறகு நாற்பது ஆண்டுகள் அந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. 2004 திசம்பர் 26-இல் சுமத்ரா. அதன் ஆழிப்பேரலையில் நம் மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரை இழந்தோம். 2010-இல் மீண்டும் சிலி, 2011-இல் சப்பான். இவ்வாறு அடுத்தடுத்து வந்தபோதுதான் பூமிக்கு என்னவோ ஆகிவிட்டது என்னும் பேச்சு எழுந்தது. பெருநடுக்கத்தை ஒட்டி அதே இடத்தில் பின்னதிர்வுகள் தொடர்வது இயல்பு. அவற்றை நீக்கிவிட்டுக் கணக்கிட்ட அறிஞர்கள், தற்செயலாக விழும் வரிசையிலிருந்து இது வேறுபடவில்லை என்றே கண்டார்கள்.

பெருகியது ஒன்று உண்டு. அது நம் காது. 1897-இல் அசாமைக் குலுக்கிய பெருநடுக்கத்துக்குப் பிறகே இந்தியாவில் நில அதிர்வுமானிகள் வைக்கப்பட்டன. முதலில் கல்கத்தா அலிப்பூர்; அடுத்து பம்பாய் கொலாபா; அதனோடு நம் மாவட்டத்தின் தலைமேல் நிற்கும் கொடைக்கானல். 1931-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 350 நிலையங்களே இருந்தன. இன்று பல்லாயிரம். அன்று எவரும் அறியாமல் போன சிறு அதிர்வுகள் இன்று பதிவாகின்றன. பதிவான சில நிமிடங்களில் நம் சட்டைப்பையில் கைப்பேசி ஒலிக்கிறது. எந்த நாளில் எந்த ஊரில் நிலம் நடுங்கும் என்று முன்னறிந்து சொல்லும் கலை இன்றுவரை எவருக்கும் கைவரவில்லை. 1975-இல் சீனத்து ஐச்செங் நகரில் முன்னெச்சரிக்கை பலித்தது. மக்கள் வெளியேறி உயிர் பிழைத்தார்கள். மறு ஆண்டே தாங்சான் நகரில் எச்சரிக்கை இன்றி இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே, கோள்கள் வரிசையில் நிற்கின்றன, இன்ன தேதியில் பூகம்பம் என்று வரும் வாட்சாப் செய்திகளைப் பிறருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள். இதை மாணவர்களிடம் சொன்னால் கேட்கிறார்கள். என் வயதுக்காரர்கள்தாம் கேட்பதில்லை.

நடுக்கம் பெருகவில்லை என்றால் அஞ்ச வேண்டியதில்லை என்று பொருளாகுமா? இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 2025 சூலைத் திங்கள் இறுதியில் உருசியாவின் கம்சாத்காவில் 8.8 அளவில் நிலம் நடுங்கியது. உலகம் கண்ட மிகப் பெரியவற்றுள் அது ஒன்று; உயிரிழப்பு மிகச் சொற்பம். 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மராட்டியத்து இலாத்தூர் மாவட்டம் கில்லாரியில் நடுங்கியது 6.2 அளவில், இறந்தவர் ஏறத்தாழ 10,000 பேர். அளவில் ஓர் எண் கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும் என்பது கணக்கு. அப்படியானால் கம்சாத்காவில் வெளிப்பட்ட ஆற்றல் கில்லாரியைப் போல் ஏழாயிரம் மடங்குக்கும் மேல். ஆயினும் பிணங்கள் கில்லாரியில்தான் விழுந்தன.

ஏன்? கம்சாத்காவில் நடுக்கம் எழுந்தது கடலடியில்; கரையில் மக்களும் குறைவு. கில்லாரியில் ஊரின் அடியிலேயே எழுந்தது. விநாயகரைக் கரைத்துவிட்டு வந்து களைத்து உறங்கிய இரவு அது. வீடுகளோ கருங்கல்லை மண்ணில் பதித்து எழுப்பிய தடித்த சுவர்கள். வெயிலுக்கு அஞ்சிக் கூரைமேல் முழக் கணக்கில் கொட்டிய மண். சுவரின் உள்முகத்தையும் வெளிமுகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நீள்கற்கள் இல்லாமையால் சுவர் இரண்டாகப் பிளந்து சரிந்தது. அதன்மேல் கூரை இறங்கியது. ஒருவர் மூச்சுவிடவும் இடமில்லை. நம் நிலம் குளிர்ச்சியானது என்று பாட்டன்மார் பெருமைப்பட்ட அந்தத் தடித்த சுவரே கல்லறை ஆயிற்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்நாளைய நில அதிர்வு வரைபடத்தில் கில்லாரி இருந்தது முதல் மண்டலத்தில். அதாவது கேடு மிகமிகக் குறைவு என்று வகுக்கப்பட்ட பகுதியில். 2002-இல் வரைபடத்தைத் திருத்தியபோது அந்த முதல் மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள். கேடே இல்லாத நிலம் இந்தியாவில் இல்லை என்று அரசே ஒப்புக்கொண்டதாக அதை நான் படிக்கிறேன். அதே திருத்தத்தில் சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. கேரளம் முழுவதும் அதில் மூன்றாம் மண்டலமாக இருந்தது. நமக்கும் கேரளத்துக்கும் நடுவே உள்ளது ஒரு மலைதான்.

நம் நிலம் தொன்மையான கெட்டிப் பாறை. இமயம்போல் இரண்டு நிலத்தட்டுகள் முட்டிக்கொள்ளும் இடம் அன்று. பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இடம் தேர்ந்தவர்களும் மலையின் ஒரே கட்டான உறுதியைத்தான் காரணமாகச் சொன்னார்கள். (அந்த ஆய்வகம் வேண்டுமா வேண்டாமா என்னும் வழக்கை இங்கே நான் தொடவில்லை.) உத்தமபாளையத்துக் குன்றில் ஆயிரம் ஆண்டுக்கு முன் செதுக்கிய சமணத் திருவுருவங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவை சிதையாமல் இருப்பதைக் காட்டி, இங்கே நிலம் நடுங்கியதே இல்லை என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். கேட்க இனிமையான வாதம். ஆனால் அவை பாறையின் மேனியிலேயே புடைத்து நிற்பவை. பாறை அசைந்தால் கூடவே அசைந்துவிட்டு நிற்கும். அடுக்கி வைத்த செங்கல்லுக்கு அந்த வசதி இல்லை.

நடுக்கம் இங்கே வந்ததும் உண்டு. 1900 பிப்ரவரி 8 விடியுமுன் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஏறத்தாழ 6 அளவில் நிலம் நடுங்கித் தமிழகமும் மலையாளமும் ஒருங்கே விழித்தெழுந்தன. 2000 திசம்பர் 12-இலும் 2001 சனவரி 7-இலும் மலைக்கு மேற்கே ஈராட்டுப்பேட்டைப் பக்கத்தில் ஏறத்தாழ 5 அளவில் இரண்டு அதிர்வுகள். 2011-இல் இடுக்கி மாவட்டத்தில் நான்குக்கும் குறைந்த சிறு அதிர்வுகள் பல. அந்தச் சிறு அதிர்வுகள்தாம் நம் பள்ளத்தாக்கின் அமைதியைக் குலைத்தன. நிலத்தைக் குலைத்ததைவிட மிகுதியாக.

முல்லைப் பெரியாற்றைப் பற்றிப் பேசாமல் இவ்வூரில் நிலநடுக்கம் பேச முடியாது. 1886-இல் 999 ஆண்டுக்கு உடன்படிக்கை; 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவை. மேற்கே ஓடி வீணே கடல் சேர்ந்த தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்ததால்தான் கூடலூரில் நெல் விளைகிறது, கம்பத்தில் திராட்சை விளைகிறது, மதுரையில் குழாயில் நீர் வருகிறது. 1979-இல் அணையின் உறுதி பற்றி ஐயம் எழுந்து, நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136-க்குக் குறைக்கப்பட்டது. அணையின் தலைமேல் கான்கிரீட் மூடி இட்டார்கள். உச்சியிலிருந்து அடிப்பாறைவரை துளையிட்டுக் கம்பி வடங்களை இறக்கி இறுக்கினார்கள். முதுகுப்புறம் கான்கிரீட் சுவரால் தாங்கு கொடுத்தார்கள். 2006-இல் 142 அடிக்கு உச்சநீதிமன்றம் இசைந்தது. கேரளம் ஒரு சட்டம் இயற்றி அதைத் தடுத்தது.

2011 திசம்பரில் நான் பள்ளியில் பணியில் இருந்தேன். குமுளி வழி அடைபட்டது. சபரிமலைக்குப் போனவர்கள் நடுவழியில் நின்றார்கள். நம் பக்கத்து உழவர்கள் ஆயிரக்கணக்கில் எல்லைக்கு நடந்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் இல்லை. இருந்த பையன்களில் ஒருவன் எழுந்து, "அய்யா, அணை ஒடஞ்சா தண்ணி நம்ம பக்கமா வரும்?" என்று கேட்டான். வராது தம்பி, அது வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புதறை என்று மேற்கே இறங்கி இடுக்கி அணைக்குப் போகும் என்று கரும்பலகையில் வரைந்து காட்டினேன். "அப்பொ நம்மளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றான். அணை போனால் பதினெட்டாம் கால்வாயும் போயிற்று, உங்கள் அப்பாவின் வயலும் போயிற்று என்றேன். அவன் சற்று நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பொ அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கும்" என்றான். அந்த ஆண்டு இரு மாநிலங்களிலும் மேடையேறிப் பேசியவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சொல் வாய்த்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அணை நிலநடுக்கத்தைத் தாங்குமா? கேரள அரசுக்காக ஆராய்ந்த ரூர்க்கி ஐ.ஐ.டி. அறிஞர்கள் 6.5 அளவு வந்தால் தாங்காது என்றார்கள். உச்சநீதிமன்றம் அமைத்த, நீதியரசர் ஆனந்த் தலைமையிலான குழு, நீர்வரத்தாலும் நில அதிர்வாலும் கட்டுமானத்தாலும் அணை உறுதியாக உள்ளது என்று 2012-இல் அறிக்கை தந்தது. 2014 மே 7-இல் நீதிமன்றம் அதை ஏற்று 142 அடிக்கு உத்தரவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் முப்பத்தைந்து ஆண்டுக்குப் பின் நீர் அந்த மட்டத்தைத் தொட்டது. தீர்ப்பு வந்த நாளில் நானும் மகிழ்ந்தேன். அணை பத்திரம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் சிலர், 1900-ஆம் ஆண்டு நடுக்கத்தையே தாங்கிய அணை இது என்கிறார்கள். அந்த நடுக்கம் எழுந்த இடம் ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கு அப்பால். தொலைவில் போன யானையைக் கண்டு அசையாமல் நின்றதாகச் சொல்லிக்கொள்வது வீரமாகாது.

மராட்டியத்துக் கொய்னாவை நினைவுகூர்வது பொருந்தும். 1967 திசம்பரில் அணையை ஒட்டியே ஆறுக்கும் மேற்பட்ட அளவில் நிலம் நடுங்கி இருநூறு பேர் அளவில் இறந்தார்கள். தேக்கிய நீரின் சுமையும் ஊடுருவலுமே அதைத் தூண்டின என்பது அறிஞர் கொள்கை. அணையில் விரிசல் விழுந்தது, அணை நின்றது, பழுது பார்த்து வலுப்படுத்தினார்கள், இன்றும் நிற்கிறது. அங்கே அன்றிலிருந்து ஒவ்வொரு சிறு அதிர்வையும் அளந்துகொண்டே இருக்கிறார்கள். முல்லைப் பெரியாற்றிலும் வேண்டுவது அதுதான். அளவு கருவி யாருடையது, யார் படிப்பது என்னும் பூசல் இல்லாமல், இரு மாநிலத்தாரும் ஒரே எண்ணை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்து அச்சத்தை நாடகம் என்று நாம் ஏசுவதும், நம் பக்கத்துத் தேவையைப் பேராசை என்று அவர்கள் ஏசுவதும் ஒரு கன அடி நீரையும் தாரா. ஓர் உயிரையும் காவா.

அணையை அரசுகளும் நீதிமன்றமும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நம் வீடுகளை யார் பார்க்கிறார்கள்?

இங்கே அமர்ந்திருப்போரில் சிலருக்குக் குசராத்தில் உறவினர் உண்டு. 2001 சனவரி 26-ஐ உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கச்சில் 7.7 அளவு. பத்ரேசுவரின் பழம்பெரும் சினாலயம் சிதைந்து, பின்பு புதிதாக எழுப்பப்பட்டது. நான் சொல்ல வந்தது கச்சைப் பற்றியன்று. அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தைப் பற்றி. அங்கும் அடுக்கு மாடிகள் விழுந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அருகருகே நின்ற இரண்டு கட்டடங்களில் ஒன்று விழுந்தது, ஒன்று நின்றது. விழுந்தவற்றுள் பல, கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துவதற்காகச் சுவரே இல்லாமல் வெறும் தூண்மேல் நின்றவை. மேலே சுவரெழுப்பிக் கெட்டியாக இருக்க, கீழே கால் மட்டும் மெலிந்து இருந்தது. நிலம் பக்கவாட்டில் இழுத்தபோது கால் மடங்கியது.

இப்போது தேவாரம் கடைவீதியையும் போடி, கம்பம் கடைவீதிகளையும் மனக்கண்ணில் காணுங்கள். கீழே கடை, முன்புறம் முழுவதும் ஷட்டர், தூண் இரண்டு அல்லது மூன்று. மேலே வீடு. மகனுக்குத் திருமணமானதும் அதற்கு மேல் ஒரு தளம். அதன்மேல் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு. ஒன்று நிறைந்தால் ஒரு டன். முதலில் ஒரு தளத்துக்கென்று போட்ட அடித்தளம் எத்தனை சுமக்கும் என்று எவரும் கேட்பதில்லை. கொத்தனார், "தாங்கும்ங்க" என்கிறார். அதுவே நமக்குச் சான்றிதழ். தூணுக்குள் நெட்டுக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கு என்று ஒன்று உண்டு. தூணின் மேல்நுனியிலும் அடியிலும் அதை நெருக்கமாகக் கட்ட வேண்டும். அதன் நுனியை 135 பாகை மடக்கி உள்ளே செலுத்த வேண்டும் என்று இந்தியத் தர நிறுவனத்தின் விதி. நம்மூரில் 90 பாகையில் மடக்கி விடுகிறார்கள். வேலை எளிது. நடுக்கத்தில் அந்த நுனி விரிந்து கழன்றால் கான்கிரீட் உதிர்ந்து தூண் நொறுங்கும். கம்பி கட்டுகிறவரிடம் நின்று அந்த ஒரு மடிப்பைக் கேட்டு வாங்குவதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறிது.

நாலடியார் நிலையாமையை நமக்கு நன்றாகவே கற்பித்திருக்கிறது. செல்வம் நிலையாது, இளமை நிலையாது, யாக்கை நிலையாது, ஒப்புக்கொள்கிறேன். தூணுக்குக் கம்பி குறைப்பதற்கு அது சமாதானம் ஆகாது.

பழைய கல்வீட்டுக்காரர்கள் வீட்டை இடிக்க வேண்டியதில்லை. பழுது பார்க்கும்போது கதவு நிலைக்கு மேலே நான்கு சுவரையும் இடைவெளியின்றிச் சுற்றி வரும் கான்கிரீட் பட்டை ஒன்று போடுங்கள். லிண்டல் பெல்ட் என்று கேட்டால் எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். சன்னலுக்கு மட்டும் துண்டு துண்டாகப் போட்டால் பயனில்லை. கூரைமேல் ஏறிய வீண்பாரத்தை இறக்குங்கள். கட்டிலின் தலைமாட்டில் இரும்பு அலமாரி நிற்குமானால் அதைச் சுவரோடு ஒரு கொக்கியால் பிணையுங்கள். நிலம் ஆடும் கணத்தில் படிக்கட்டுக்கு ஓடாதீர்கள். உறுதியான மேசைக்கடியில் தலையைக் காத்துக் குனிந்திருங்கள். ஆட்டம் நின்றபின் வெளியேறுங்கள். பாதி மண்சுவரான வீட்டில் வாசல் இரண்டடியில் இருந்தால் மட்டும் வெளியே போய்விடலாம்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். இந்த மண்டபத்தின்மேல் மாணவர் விடுதிக்காக ஒரு தளம் எழுப்பவிருப்பதாகத் தலைவர் தம் வரவேற்புரையில் அறிவித்தார்கள், நாமெல்லாரும் கைதட்டினோம். நல்ல பணி. இம்மண்டபத்தின் முன்பகுதி நான்கு தூண்கள்மேல் சுவரின்றி நிற்பதை நீங்கள் உள்ளே வரும்போது பார்த்திருப்பீர்கள். மேலே அறுபது பிள்ளைகள் உறங்கப் போகிறார்கள். அந்தத் தளத்துக்கு முதல் செங்கல் வைக்குமுன், இதைக் கட்டியபோது வரைந்த வரைபடத்தைத் தேடி எடுத்து, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து, அடித்தளத்தையும் இந்த நான்கு தூண்களையும் சோதிக்கச் செய்யுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். வலுப்படுத்திக் கட்டலாம் என்றால் வலுப்படுத்திக் கட்டுங்கள். திறப்பு விழா ஓராண்டு தள்ளிப் போகலாம். நன்கொடையாளர் சிலர் முகம் சுளிக்கலாம். சோதனைச் செலவுக்கு என் ஒரு மாத ஓய்வூதியத்தை இந்த உறையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். செயலாளர் பெற்றுக்கொள்ள வேண்டும்.